டீச்சர் ஏன் திருவானைக்கோவிலுக்குக் குடிபோனார்?



கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். படிக்காமலே லைக் போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். மூன்றாம் வகுப்பிலேயே தெரியும்.

போன மாதம் உறவில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பின்வரிசையில் இருந்த இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "பையன் பெங்களூருல அவ்வளவு பெரிய வேலையில இருக்கான். பெத்த தாயை வச்சுக்க மனசில்லை. அது பாவம், திருச்சியில வாடகை வீட்டுல கிடக்குது." யார் என்று எழுதப் போவதில்லை. என் வருத்தம் அதில்லை. என் மகனும் எனக்குப் பக்கத்து இலையில்தான் உட்கார்ந்திருந்தான். சாம்பாரோடு எழுந்துவிட்டான். ரசம், பாயசம் எதுவும் வாங்கவில்லை.

அதனால்தான் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. என்னிடம் படித்த உங்களில் பலருக்கு இப்போது நாற்பது, ஐம்பது வயது. "அப்பாவைத் தனியா விட பயமா இருக்கு டீச்சர், எங்க வைக்கிறது?" என்று கேட்டு மாதம் இரண்டு பேராவது செய்தி அனுப்புகிறீர்கள். எனக்கு நடந்ததையும் நான் போட்ட கணக்கையும் அப்படியே எழுதிவிடுகிறேன். உதவினால் சந்தோஷம்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். 1979-ல் இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி முடித்தேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து காத்திருந்து, 1984-ல் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். துறையூர் பக்கம் நான்கு ஊர்களில் பணி. 2018 மே மாதம் தலைமையாசிரியையாக ஓய்வு. அடுத்த வருடம் உங்கள் சார் போய்விட்டார். அவர் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டில் நான் தனியாக இருந்தேன். முன்னால் வேப்பமரம், பின்னால் கிணறு. தனியாக இருப்பது எனக்குக் கஷ்டமாகவே தெரியவில்லை. நானே சமைத்து, நானே துவைத்து, நானே கோலம் போட்டு, ரொம்பத் தைரியமான ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2022 நவம்பர். ராத்திரியெல்லாம் மழை. விடிகாலை ஐந்தே கால் மணிக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். இடது காலை அசைக்க முடியவில்லை. தொடை எலும்பு இடுப்பில் பொருந்துகிற இடத்துக்குக் கீழே முறிந்திருந்தது என்பது பிறகு தெரிந்தது. குளியலறைக் கதவு உள்பக்கம் திறக்கிற கதவு. நான் விழுந்தது அந்தக் கதவின் மேலேயே. செல்போன் சமையலறையில்.

பால் கொண்டுவருகிற பெண் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவள். ஆறரைக்கு வந்தாள். கேட்டில் தொங்கும் துணிப்பையில் வழக்கம்போலப் பால் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பையைத் தைத்துத் தொங்கவிட்டதே நான்தான். காலையில் யாரும் வந்து என்னைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது என்று.

சத்தம் போட்டேன். மழையில் யாருக்கும் கேட்கவில்லை. வாளித் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தேன். மயக்கம் வந்துவிடக் கூடாது என்று பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்களை எத்தனை தடவை அதைச் சொல்ல வைத்து அழ வைத்திருக்கிறேன்! சாயங்காலம் நான்கு மணிக்கு மறுபடி பால் கொண்டுவந்தவள், காலையில் வைத்த பால் பையிலேயே இருப்பதைப் பார்த்தாள். "டீச்சர்... டீச்சர்..." என்று கத்திக்கொண்டே பின்பக்கமாக ஓடிவந்தாள். ஐந்தே காலிலிருந்து நான்கு வரை கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினோரு மணி நேரத்துக்குக் கால் மணி குறைவு.

108 வந்தது. திருச்சியில் அறுவை சிகிச்சை. ராத்திரியோடு ராத்திரியாக மகன் பெங்களூரிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் அந்தப் பந்தியில் பேசியது போலப் பேசமாட்டார்கள்.

டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை பெங்களூரில் அவன் வீட்டில்தான் இருந்தேன். மருமகள் முதல் இரண்டு வாரம் அலுவலகம் போகாமல் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். எனக்குத் தலை வாரிவிட்டாள். குறை சொன்னால் என் நாக்கு அழுகும். ஆனால் பதினான்காவது மாடி. காலை எட்டரைக்குப் பேரன் பள்ளிக்கூடம், ஒன்பதரைக்கு இவர்கள் வேலைக்கு. ராத்திரி ஏழரை வரைக்கும் நானும் குளிர்சாதனப் பெட்டியின் சத்தமும்தான். நடக்க ஆரம்பித்ததும் கீழே பூங்காவில் போய் உட்காருவேன். அங்கே பாட்டிமார்கள் பத்துப் பேர் உண்டு. தெலுங்கு, இந்தி, வங்காளம், கன்னடம். சிரிப்போம், கும்பிடுவோம், "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்போம். அதற்கு மேல் பேச்சு நகராது.

ஒரு நாள் பேரன் அவன் சிநேகிதனிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "எங்க பாட்டிக்கு வேலை ஒண்ணும் கிடையாது. எப்பவும் வீட்லயேதான் இருப்பாங்க." குழந்தை பெருமையாகத்தான் சொன்னான். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

"நான் ஊருக்குப் போறேன்ப்பா" என்றேன். "அந்த வீட்டுக்கு மட்டும் போகக் கூடாதும்மா. வேற எங்க வேணும்னாலும் சொல்லுங்க, பார்ப்போம்" என்றான். அவன் கேட்டதும் நியாயம். அங்கிருந்து தேடல் ஆரம்பித்தது.

முதலில் கோவை. ஓய்வு பெற்றவர்களுக்கான குடியிருப்புகள் என்றாலே நம் பக்கத்தில் கோவையைத்தான் சொல்வார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, சிறுவாணித் தண்ணீர், நல்ல மருத்துவமனைகள். எல்லாம் உண்மைதான். 2023 ஆகஸ்டில் ஒரு குடியிருப்பில் காசு கட்டி ஐந்து நாள் தங்கிப் பார்த்தேன். பெயர் வேண்டாம். சுத்தமான இடம். சக்கர நாற்காலி போகிற சரிவுப்பாதை, குளியலறையில் கைப்பிடி, காலை ஆறரைக்கு யோகா, மாலையில் பஜனை, சனிக்கிழமை தம்போலா. சாப்பாட்டில் காரம் குறைவு, அவ்வளவுதான் குறை.

ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு வெளியே வந்து எண்ணினேன். அறுபது வீட்டில் இருபத்திரண்டில்தான் விளக்கு எரிந்தது. மற்றவை எல்லாம் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வாங்கிப் பூட்டிப் போட்டவை. எழுபத்தெட்டு வயது ரயில்வே பெரியவர் ஒருவர் சொன்னார்: "அம்மா, இங்க வீட்டைப் பார்த்து வாங்காதீங்க. சாப்பாட்டையும் நர்சையும் யார் நடத்துறாங்கன்னு பாருங்க. நான் வந்த ஆறு வருஷத்துல மூணாவது ஆள் நடத்துறாங்க." இப்படி ஒரு தகவல் விளம்பரத் தாளில் வராது.

கிளம்புகிற அன்று மேலாளரிடம் ஒரு கேள்வி கேட்டேன். "தம்பி, ஒரு நாள் காலையில நான் டிபன் சாப்பிட வரலைன்னா, எத்தனை மணிக்கு வந்து என் கதவைத் தட்டுவீங்க?"

"கட்டில் பக்கத்துலயே அலாரம் பட்டன் இருக்கு மேடம்."

"பட்டனை அழுத்த முடியாம கிடந்தா?"

நல்ல பையன். பொய் சொல்லத் தெரியவில்லை. பேசாமல் நின்றான்.

எல்லா இடமும் அப்படி என்று சொல்லமாட்டேன். உணவுக்கூடத்தில் வருகைப் பதிவு எடுத்து, வராதவர்களைத் தேடிப் போகிற இடங்களும் இருக்கின்றன. நீங்கள் பார்க்கப் போகும் இடத்தில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

அடுத்தது பணக்கணக்கு. என்னிடம் படித்தவர்கள் கணக்கென்றதும் தாண்டிப் போகாதீர்கள்.

என் அடிப்படை ஓய்வூதியம் ரூ.32,000. மூன்றில் ஒரு பங்கைத் தொகுத்து முன்பணமாக வாங்கிவிட்டதால் அது பிடித்தம் ஆகும். அகவிலைப்படி சேர்த்து இன்று கைக்கு வருவது ஏறத்தாழ ரூ.39,000. உங்கள் சார் விட்டுப்போன பணத்தில் 12 லட்சத்தை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருக்கிறேன். வட்டி 8.2 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரூ.24,600 வரும். அதாவது மாதம் ரூ.8,200. அந்தத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். ஐந்து வருடத் தவணை.

கோவையில் ஒரு படுக்கையறை வீட்டின் விலை 48 லட்சம் சொன்னார்கள். ஊர் வீட்டை விற்றால் 30 லட்சம் வரலாம். அந்த 12 லட்சத்தையும் எடுத்து, மீதிக்கு மகனிடம் கை நீட்ட வேண்டும். வட்டி ரூ.8,200 நின்றுபோகும். அதற்கு மேல் பராமரிப்பும் சாப்பாடும் மாதம் ரூ.20,500.

வாங்காமல், 15 லட்சம் வைப்புத்தொகை கட்டி, சாப்பாடு உட்பட மாதம் ரூ.32,000 கொடுத்தும் இருக்கலாம் என்றார்கள். இந்தக் கட்டணம் ஆண்டுக்கு 8 சதவீதம் கூடும் என்று ஒப்பந்தத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. ஆண்டுக்கு 8 சதவீதம் என்றால் ஒன்பது வருடத்தில் இரண்டு மடங்கு. அப்போது எனக்கு 73 வயது. கட்டணம் ரூ.64,000. அகவிலைப்படி அந்த வேகத்தில் ஏறாது. அது அடிப்படை ஓய்வூதியத்தின் மேல் மட்டும் போடுகிற சதவீதம், வட்டிக்கு வட்டி போல ஏறாது. எனக்கு உடம்பு தள்ளாத காலத்தில் பணமும் தள்ளாதுபோகும். வசதி உள்ளவர்களுக்கு அது நல்ல இடம்தான். என் ஓய்வூதியத்துக்கு அது ஒத்துவரவில்லை.

இன்னொரு பக்கத்தையும் படித்தேன். தன் வேலையைத் தானே செய்துகொள்ள முடிகிற வரைக்கும்தான் அந்தக் கட்டணம். படுக்கையில் விழுந்தால் உதவியாளை நாமே வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது தனிக்கட்டணம் கொடுத்துப் பராமரிப்புப் பிரிவுக்கு மாற வேண்டும்.

மனம் சோர்ந்து திரும்பினேன். அந்த ஐப்பசியில் திருச்சியில் ஒரு கல்யாணத்தில் லால்குடி டீச்சரைப் பார்த்தேன். பயிற்சிப் பள்ளி விடுதியில் எனக்கு அடுத்த பாய் அவளுடையது. கல்யாணம் செய்துகொள்ளாதவள். "ஏண்டி, இப்படிக் கோலூன்றி வர்ற?" என்று ஆரம்பித்து, முழுக் கதையையும் கேட்டாள். அவள் திருவானைக்கோவிலில் ஒரு காம்பவுண்டில் வாடகைக்கு இருந்தாள். ஒரே சுற்றுச்சுவருக்குள் தரைத்தளத்தில் மூன்று வீடு. வீட்டுக்காரர் சென்னையில். பின்வீட்டில் முசிறி டீச்சரும் அவர் கணவரும். அவர் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். முன்வீடு காலி.

"வந்து மூணு மாசம் இருந்து பாரு. பிடிக்கலைன்னா போயிடு. மூட்டை முடிச்செல்லாம் கட்டிக்கிட்டு வராதே" என்றாள்.

வீட்டுக்காரர் முதலில் தயங்கினார். "வயசானவங்க தனியா இருக்கேன்னா யோசனையா இருக்கும்மா, ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா..." என்று இழுத்தார். வாடகைக்குத் தேடும் பெரியவர்கள் எல்லோரும் இதைக் கேட்டிருப்பீர்கள். என் மகன் அவரிடம் பேசி, பொறுப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தான். 2024 தையில் நான்கு பாத்திரமும் ஒரு பெட்டியுமாக வந்தேன். மூன்று மாதம் முடிந்தபோது கட்டிலையும் தையல் மிஷினையும் எடுத்துவரச் சொன்னேன்.

செலவை எழுதுகிறேன். வாடகை ரூ.8,500. சமையலுக்கு வருகிற அம்மாவுக்கு மாதம் ரூ.9,000. மூன்று வீட்டுக்கும் சேர்த்து ஒரே அடுப்பு, ஆளுக்கு ரூ.3,000. மளிகை, காய், பால் ரூ.5,000. வீட்டு வேலைக்கு ரூ.1,000. மருந்து ரூ.3,500. மின்சாரம், கேஸ், போன் ரூ.1,500. ஆட்டோ ரூ.1,000. மொத்தம் ரூ.23,500. அரசு நகரப் பேருந்தில் சாதாரணக் கட்டண வண்டியில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் ஆட்டோ அவ்வளவோடு நின்றது. இது போக வீட்டுக்கு ரூ.2,000 பொது நிதி. ராத்திரியில் யாரையாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேர்ந்தால் பிள்ளைகள் வந்து சேரும் வரை அந்தப் பணம். நோட்டுப் போட்டு வரவு செலவு எழுதுவது நான்தான். ஊர் வீட்டை விற்கவில்லை. ஒரு அறையைப் பூட்டிவிட்டு, மீதியை ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். வேப்பமரத்துக்கு அந்தப் பெண் தண்ணீர் ஊற்றுகிறாள்.

பொழுது போகிறதா என்று கேட்கிறீர்கள். காலையில் லால்குடி டீச்சரும் நானும் ஜம்புகேசுவரர் கோயிலுக்குப் போவோம். அவளுக்குச் சாமி, எனக்கு நடை. கால் அறுவைக்குப் பிறகு வெயிலும் வண்டியும் இல்லாமல் நடக்க அந்தப் பிராகாரத்தைவிட நல்ல இடம் கிடைக்காது. கல்தளம், நிழல், உட்காரத் திண்ணை, காசும் கிடையாது. ஊரிலிருந்து யாராவது வந்தால் உச்சிகால பூஜைக்குக் கூட்டிப்போவேன். அர்ச்சகர் புடவை கட்டிக்கொண்டு அகிலாண்டேசுவரியாக வந்து சுவாமிக்குப் பூஜை செய்வதைப் பார்த்து குழந்தைகள் வாயைப் பிளப்பார்கள். முசிறி டீச்சரின் கணவர் காலை பத்து மணிக்கு டீக்கடை பெஞ்சில் போய் உட்காருவார். அஞ்சலகப் படிவம், வங்கிப் படிவம் எல்லாம் அந்தத் தெருவுக்கே அவர்தான் நிரப்பித் தருகிறார். கூலி ஒரு டீ. சமையல் அம்மாவின் இரண்டு பிள்ளைகளும் சாயங்காலம் என் திண்ணையில் வீட்டுப்பாடம் எழுதுவார்கள். டியூஷன் இல்லை, சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அதட்டலும் உண்டு.

தினமும் இனிப்பாக இருக்கிறது என்று எழுதினால் நம்பாதீர்கள். உப்புக்குச் சண்டை வரும். தொலைக்காட்சி சத்தத்துக்குச் சண்டை வரும். முசிறி வீட்டில் முட்டை ஆகாது, எனக்கு ஆகும். அதனால் முட்டைக்கென்று தனிச் சட்டி என் வீட்டில். போன ஆடியில் சமையல் அம்மா ஒரு மாதம் வரவில்லை. அந்த மாதம் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை என்றே சொல்லலாம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிறோம், கொசுவுக்குக் குறைவில்லை. யாராவது நிரந்தரமாகப் படுத்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு எங்களிடமும் முழு விடை இல்லை. பொது நிதி கொஞ்ச நாள் தாங்கும். அதற்குப் பிறகு பிள்ளைகளோ கூலி ஆளோ வர வேண்டும். அதை இப்போதே பிள்ளைகளை உட்கார வைத்துப் பேசிவிட்டோம்.

உங்கள் அப்பா அம்மாவுக்கோ, நாளை உங்களுக்கோ இடம் பார்க்கும்போது கவனிக்க வேண்டியதைச் சுருக்கமாகத் தருகிறேன். நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. ஒரு வேளை சாப்பிட வராவிட்டால் எத்தனை மணிக்குள் தேடுவார்கள், யார் தேடுவார்கள் என்று கேளுங்கள்.

2. குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் யாராலும் திறக்க முடியாது. இங்கே வந்ததும் என் கைக்காசில் முதலில் செய்த வேலை, மூன்று வீட்டுக் குளியலறைக் கதவையும் திருப்பிப் போட்டு, கைப்பிடி பதித்தது.

3. ராத்திரி பத்து மணிக்கு ஒரு தடவை ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி வரை போய்ப் பாருங்கள். பகலில் பத்து நிமிடம் என்பவர்கள் ராத்திரி ஆட்டோ கிடைக்குமா என்பதைச் சொல்லமாட்டார்கள். மாடி வீடென்றால் லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா என்று பாருங்கள்.

4. காசு கட்டும் முன் சில நாட்களாவது தங்கிப் பாருங்கள். விளக்கு எரிகிற வீடுகளை எண்ணுங்கள். இருப்பவர்களிடம் தனியாகப் பேசுங்கள். கட்டிக்கொண்டிருக்கும் திட்டமென்றால் ரெரா பதிவு எண்ணைச் சரிபாருங்கள். வைப்புத்தொகை எப்போது, எவ்வளவு பிடித்தம் போகத் திரும்ப வரும் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

5. இன்றைய கட்டணத்தைப் பார்க்காதீர்கள். பத்து வருடம் கழித்து என்னவாகும் என்று பெருக்கிப் பாருங்கள்.

6. வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதிவிட்டு அவர்களோடு போய் இருக்க நினைக்கும் பெரியவர்களுக்கு ஒரு சொல். 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23-ஆவது பிரிவு இருக்கிறது. கவனித்துக்கொள்வோம் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்து, கவனிக்காமல் விட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய வழி உண்டு. கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். ஆனால் அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவைப்பதுதான் நல்லது. நல்ல பிள்ளைகள் அதற்காகக் கோபிக்கமாட்டார்கள். முதியோர் உதவி எண் 14567. மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

7. அந்த இடத்தில் உங்களுக்கு என்ன வேலை இருக்கும் என்று யோசியுங்கள். யோகாவும் தம்போலாவும் நல்லதுதான். ஆனால் நீங்கள் வராவிட்டால் நின்றுபோகிற ஒரு வேலையாவது உங்கள் பேரில் இருக்க வேண்டும். நான் ஒரு வாரம் இல்லையென்றால் எங்கள் காம்பவுண்டில் பால் கணக்கு தகராறாகிவிடும்.

எங்கள் காம்பவுண்டில் ஒரு விதி உண்டு. ராத்திரி மூன்று வீட்டு வாசல் விளக்கும் எரியும். காலை ஆறரைக்குள் அவரவர் அணைத்துவிட வேண்டும். ஆறே முக்காலுக்கும் எரிந்தால் போன் அடிப்பார்கள். எடுக்காவிட்டால் ஏழு மணிக்குக் கதவைத் தட்டுவார்கள். அப்புறம் மாற்றுச் சாவி. மூன்று வீட்டுச் சாவியும் மூன்று வீட்டிலும் இருக்கிறது. அதனால் உள்தாழ்ப்பாள் யாரும் போடக் கூடாது, பூட்டு மட்டும்தான்.

இந்த வருடம் ஆவணியில் எனக்குச் சளி. ராத்திரி மாத்திரை போட்டுப் படுத்தேன். பழைய பழக்கத்தில் கை தானாகத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டது. காலையில் ஏதோ சத்தம். கண் திறந்தால் அறை வாசலில் முசிறி டீச்சரின் கணவர், டீக்கடைப் பையன், கடப்பாரை. அவர்களுக்குப் பின்னால் லால்குடி டீச்சர், முகம் வெளுத்துப்போய். மணி ஏழு பத்து. முன்கதவுத் தாழ்ப்பாள் பெயர்ந்து தரையில் கிடந்தது.

"ஏண்டி, உசுரு இருக்கா இல்லையான்னு..." என்று ஆரம்பித்தவள் முடிக்காமல் அழுதுவிட்டாள். அப்புறம் திட்டினாள். அப்புறம் காபி போட்டுக் கொடுத்துவிட்டு மறுபடியும் திட்டினாள். போன் எட்டுத் தடவை அடித்திருக்கிறார்கள். தச்சர் கூலி ரூ.650. விதியை மீறியது நான் என்பதால் பொது நிதியில் எடுக்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. என் கையாலேயே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பதினோரு மணி நேரம் யாருக்கும் தெரியாமல் கிடந்தவள் நான். இங்கே நாற்பது நிமிடம் அதிகமாகத் தூங்க விடவில்லை.

இதை அன்று மதியமே மகனிடம் போனில் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சரிம்மா" என்று வைத்துவிட்டான். சனிக்கிழமை காலை வந்து நின்றான். வாசலில் செருப்பைக் கழற்றியவன் பையிலிருந்து திருப்புளியை எடுத்தான். மூன்று வீட்டிலும் முன்கதவு, குளியலறை என்று இருந்த உள்தாழ்ப்பாள் ஒவ்வொன்றையும் கழற்றி, ஒரு காகிதத்தில் பொட்டலம் கட்டினான். "இது எங்க வீட்ல இருக்கட்டும்" என்று பெங்களூருக்கு எடுத்துப்போனான். மாதம் ஒரு சனிக்கிழமை அவன் இங்கேதான். லால்குடி டீச்சருக்கும் சேர்த்து மாத்திரை வாங்கி வருவான்.

பந்தியில் பேசியவர்களே, இந்தப் பதிவை நீங்களும் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அடுத்த விசேஷத்தில் என் மகனைப் பார்த்தால் அவன் இலைக்குப் பாயசம் போடச் சொல்லுங்கள், போதும்.

திருச்சி வருகிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி திருவானைக்கோவிலில் இறங்கிப் போன் பண்ணுங்கள். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் யாராவது தனியாக இருந்தால், இன்றைக்கே ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கேட்டில் பால் பை தொங்கினால் எட்டிப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்